மலை நகரின் தூய்மையும் நமது கடமையும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் அலுவல் முறையில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வரவு செலவுக் கணக்கு படிக்கப்பெற்று, ஆதாயப் பங்கீடும் தீர்மானிக்கப்பெற்ற பின்னர், நீலகிரி மாவட்டத்துக்குத் துணிப்பை தயாரித்து அனுப்புவது பற்றிய திட்டம் ஒன்று ஆலோசனைக்கு வந்தது. அப்பொழுது முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க ஐயா, ஊட்டியிலே பிளாஸ்டிக் பை வித்தா என்னங்க, விக்காட்டி என்னங்க? அதனாலே நம்ம தறிக்கு நூல் விலை குறைஞ்சிருமா?" என்று வினவினார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, நாமும் சிரித்தோம். ஏதோ ஒரு விடையும் அளித்தோம். ஆயினும் அவ்விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை.

அதன் பின்னர் உதகமண்டலம் செல்ல நேர்ந்தபோதெல்லாம் அந்நகரின் நடைமுறைகளைச் சற்றுக் கூர்ந்து நோக்கி வந்தோம். முதற் பாடம் மலை ஏறும் வழியிலேயே கிடைத்தது. பர்லியாறு சோதனைச் சாவடியில் நமது பையைத் திறந்து காட்டும்படி ஊழியர் ஒருவர் கேட்டார். உள்ளே மேட்டுப்பாளையத்தில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருந்தது. "ஐயா, இதை மேலே கொண்டுபோகக் கூடாதுங்க. மேலே தண்ணீர் கிடைக்கும்; இதை இங்கேயே கொடுத்துவிடுங்கள்" என்று அந்த அம்மையார் பணிவாகவே கூறினார். சங்கங்களின் துணை விதிகளை மற்றவர்க்கு எடுத்துரைக்கும் தொழிலுடைய நாம், ஒரு மலையின் விதியை அறியாமல் அதன் வாயிலில் நின்றமை நமக்கு நாணத்தைத் தந்தது.

மலையின் செய்தி எனினும், சமவெளியில் தறியில் அமர்ந்திருப்போருக்கும் ஏர் பிடிப்போருக்கும் இது மிக நெருங்கியதாகும். அஃது எவ்வாறு என்பதை முதலில் காண்போம்.

மலையும் நம் ஆறும்

உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அவ்விடம் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியாகவும் சோலையாகவும் சதுப்பாகவும் இருந்தது. கோயமுத்தூர் ஜில்லாவின் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் அம்மலைக்குச் சென்றார். 1820-களில் அங்கு வீடும் தோட்டமும் அமைத்து, ஓடை நீரைத் தேக்கி ஏரியையும் உண்டாக்கினார். அவ்வாறு தோன்றிய நகரில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 88,430 மக்கள் வாழ்ந்தனர். அவர்களைப் போலப் பன்மடங்கினர் ஆண்டுதோறும் பார்வையாளராக வந்து செல்கின்றனர்.

இம்மலையில் பெய்யும் மழை எங்கே செல்கிறது? குந்தா ஆறும் குன்னூர் ஆறும் பவானியில் சேர்கின்றன. பைக்காராவின் நீர் மாயாற்றின் வழியாகப் பவானிசாகர் அணையை அடைகின்றது. உதகை ஏரியின் மிகைநீரும் காமராஜ் சாகர் வழியாக மாயாற்றையே நாடுகின்றது. 1948-இல் தொடங்கி 1955-இல் நிறைவேறிய கீழ்பவானித் திட்டம் ஏறத்தாழ 2,07,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் அளிப்பது. அதன் கீழே கொடிவேரியும், பழமை வாய்ந்த காலிங்கராயன் வாய்க்காலும் அதே ஆற்றை நம்பியுள்ளன. பவானி நகரின் ஜமக்காளத்துக்குச் சாயம் ஏற்றுவதும் இந்நீரே.

நீர் மட்டுமன்று. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்த பின்னரே கோவை வட்டாரத்தின் நூற்பாலைகள் விரைந்து பெருகின. நமது தறிக்கு நூல் வந்த வழியை ஆராய்ந்தால் அதன் ஒரு முனை நீலகிரியின் அருவியில் முடிகின்றது. மலை நகரின் தூய்மை மலையாரின் வீட்டுக் காரியம் என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாமைக்கு இஃதொன்றே போதிய காரணமாகும்.

தடை, மாற்று, கணக்கு

நீலகிரியில் பிளாஸ்டிக்கை விலக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அப்போதைய மாவட்ட ஆட்சித் தலைவர் சுப்ரியா சாகு அவர்கள் 'ஆப்பரேஷன் புளூ மவுண்டன்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, பிளாஸ்டிக் பைகளை மலையிலிருந்து அகற்ற முற்பட்டார். தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ஆம் நாளில்தான். மலையோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டனர். 2019 ஆகஸ்டில் சிறு குடிநீர்ப் பாட்டில்களுக்கும் அங்கே தடை விதிக்கப்பெற்றது.

நிற்க. தடை விதிப்பது எளிது. அது நிலைபெறுவது அரிது. நாம் கண்ட அளவில், எங்கெங்கு தடை நிலைபெற்றதோ அங்கெல்லாம் மூன்று அமிசங்கள் ஒருங்கே இருந்தன. முதலாவது, தடை. இரண்டாவது, தடுக்கப்பட்ட பொருளுக்கு மாற்று. மூன்றாவது, கணக்கு, அதாவது, யார் கொடுத்தார், யார் திருப்பினார், எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும் ஏற்பாடு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிற்பதில்லை.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். தாகத்தோடு வரும் பயணியிடம் "பாட்டில் கூடாது" என்று மட்டும் கூறினால் அவர் மறைத்துக் கொண்டுவருவார். கடைக்காரரும் மறைத்து விற்பார். ஆகவே, சாலையோரங்களிலும் பார்வையிடங்களிலும் 'தண்ணீர் ஏ.டி.எம்.' என்று மக்கள் வழங்கும் குடிநீர்ப் பொறிகள் நிறுவப்பெற்றன. நாணயத்தை இட்டால் நாம் கொண்டுசென்ற கலத்தில் தூய நீர் நிரம்பும். பொறி இயங்கும் இடத்தில் தடையும் இயங்குகின்றது. பொறி பழுதுற்று நிற்கும் இடத்திலோ, அதன் அருகிலுள்ள புதரிலேயே பாட்டிலைக் காண்கின்றோம். பழுது பார்ப்பதற்கு ஆள் இல்லாத மாற்று மாற்றாகாது என்பதை இதனால் உணரலாம்.

அடுத்து, கண்ணாடிப் பாட்டிலின் கதை. மதுவை ஆதரித்து நாம் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டா. இதில் உள்ள முறையையே நோக்க வேண்டுகிறோம். குடித்தோர் வீசிய பாட்டில்கள் வன ஓரங்களிலும் ஓடைகளிலும் உடைந்து கிடந்து, யானை முதலிய விலங்குகளின் பாதத்தைக் கிழித்து வந்தன. விலங்கின் காலில் பட்ட புண்ணுக்கு மருந்திடுவார் யார்? வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் பயனாக 2022 மே மாதம் முதல் நீலகிரியிலுள்ள டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெறப்பட்டது. காலிப் பாட்டிலைத் திருப்பினால் அத்தொகை மீட்டுக் கொடுக்கப்பட்டது. விற்ற பாட்டில்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை திரும்பத் தொடங்கின. பின்னர் வேறு பல மாவட்டங்களுக்கும் இம்முறை விரிந்தது.

அறிவுரைப் பலகைகள் பல ஆண்டுகளாகச் சாதிக்காததை ஒரு பத்து ரூபாய் எவ்வாறு சாதித்தது? அந்தப் பத்து ரூபாய் அபராதமன்று. திரும்பப் பெறத்தக்க வைப்புத் தொகை. அபராதம் பிடிபட்டவனை மட்டுமே தீண்டும். வைப்புத் தொகையோ வாங்கிய ஒவ்வொருவரையும் தொடும். ஒருவன் சோம்பலால் பாட்டிலை வீசினாலும், அதைக் கண்ட மற்றொருவன் பொறுக்கி வந்து தொகையைப் பெற்றுக்கொள்கிறான். வீசியவனின் இழப்பு பொறுக்கியவனின் கூலியாகின்றது. காடு தூய்மை அடைகின்றது. பங்குத் தொகை, வைப்புத் தொகை ஆகியவற்றோடு நாள்தோறும் பழகும் நமது அங்கத்தினர்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

இதிலும் சுமை இல்லாமல் இல்லை. பாட்டிலை எண்ணி வாங்கவும் அடுக்கி வைக்கவும் கடை ஊழியர்களுக்கு வேலை மிகுந்தது, இடமும் போதவில்லை. அவர்கள் குறை கூறியது நியாயமே. பொது நன்மைக்கான எந்த ஏற்பாட்டிலும் அதன் உழைப்பு யார் தோளில் விழுகின்றது என்பதை முதலிலேயே பார்த்து, அதற்கு வழி செய்தல் வேண்டும்.

துணிப்பை கற்பித்த பாடம்

இனி நமது நெசவாளர் அங்கத்தினர்களுக்கு நேரடியாக உரிய செய்திக்கு வருவோம்.

பிளாஸ்டிக் பை போனால் துணிப்பை வரும். துணிப்பை வந்தால் தறிக்கு வேலை வரும் என்று நாம் அனைவரும் எண்ணினோம். 2021 டிசம்பர் 23-இல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது அந்த நம்பிக்கை மேலும் வலுத்தது. ஆனால் மலைக் கடைவீதியில் நாம் கண்டது வேறு. துணி போலவே தோற்றமளிக்கும் 'நான்-ஓவன்' பைகள் அங்கே மலிந்திருந்தன. பல கடைக்காரர்கள் அவற்றைத் துணிப்பை என்றே நம்பி வாங்கியிருந்தனர்.

அது துணியன்று. பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை இழையாக்கி, வெப்பத்தால் ஒட்டிச் செய்யப்படுவது. அதனைக் கண்டறியும் வழி நெசவாளருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊடும் பாவும் இல்லாதது துணியாகாது. ஐயம் தீராவிடில் ஒரு நுனியைக் கத்தரித்து நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம் எரிவது போன்ற மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலிபுரொப்பிலீன் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணி போலாகும். இந்த எளிய சோதனையைக் கடைக்காரர்களுக்கும் நாம் செய்து காட்டினால், தடையின் நோக்கமும் நிறைவேறும். நமது சரக்குக்கும் வழி பிறக்கும்.

ஆயினும், நமது தோல்விக்குப் போலிப் பையை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நமக்குத் தெரிந்த ஒரு சங்கம் முதல் தவணையாகத் துணிப்பைகளை மலைக்கு அனுப்பியது. துணி நன்று, சாயமும் நன்று. ஆனால் கைப்பிடியின் தையல் மூன்று கிலோ உருளைக்கிழங்கைத் தாங்கவில்லை. வியாபாரிகள் பைகளைத் திருப்பியனுப்பினர். அச்சங்கத்தின் இருப்பைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். பைகளின் எண்ணிக்கையைப் பார்த்தோம். தையலை இழுத்துப் பார்க்கவில்லை. புத்தகத்தில் சரியாயிருந்த கணக்கு உதகைச் சந்தையில் அறுந்து விழுந்தது.

பின்னர் அச்சந்தையின் காய்கறி வியாபாரி ஒருவரைச் சந்தித்தோம். அவர் கூறியது சிந்திக்கத்தக்கது. "துணிப்பை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, சார். ஒரு பையை வாங்கினவர் அடுத்த வாரமும் அதையே எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஒருநாளில் கிழிகிற பை துணியாக இருந்தால் என்ன, பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன?" என்றார் அவர். இஃது உண்மையே. பருத்தி விளைவிக்க நீர் வேண்டும். நூற்க மின்சாரம் வேண்டும். சாயத்துக்கு மீண்டும் நீர் வேண்டும். ஒரு துணிப்பை பல பத்து முறை பயன்பட்டால்தான் அதற்காகச் செலவிட்ட இயற்கைப் பொருளுக்கு ஈடாகும். உறுதியாக நெய்வதும் உறுதியாகத் தைப்பதும் வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த மலைக்குச் செய்யும் மரியாதையும் அதுவே.

புல்வெளியும் சோலையும்

குப்பையை அகற்றுவதோடு மலையைக் காக்கும் பணி முடிந்துவிடுவதில்லை. மழை நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் சிறிது சிறிதாக விடுவது மலையின் புல்வெளியும், பள்ளங்களிலுள்ள சோலையும், அவற்றின் இடையேயுள்ள சதுப்பு நிலமுமாகும். ஆங்கிலேயர் காலந் தொட்டு அப்புல்வெளிகள் வீண் நிலம் என்று கருதப்பெற்றன. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் பின்னர் கூழுக்காகவும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் சீகை மரமும் பெரும் பரப்பில் நடப்பெற்றன. சிறுமுகையில் பவானிக் கரையில் இயங்கிப் பின்னர் மூடப்பட்ட செயற்கை இழை ஆலையும் இம்மரங்களையே நம்பியிருந்தது. நூலுக்காகவும் அம்மலை தன் புல்வெளியை இழந்தது என்பதை நெசவுத் தொழிலினர் மறத்தல் ஆகாது.

இம்மாற்றத்தால் நீர் குறைந்ததா என்பதை உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் அளந்தே கண்டனர். கிளென்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை 1968 முதல் அவர்கள் ஆராய்ந்தனர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டனர். பத்தாண்டு கொண்ட முதற் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வெளிவந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மரங்கள் மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் அதனினும் மிகுதியாகக் குறைந்தது. பச்சைப் பசேலென மரம் நிற்பதெல்லாம் நீர் வளமாகாது என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே, இப்பொழுது அயல் மரங்களையும் உண்ணிச் செடி போன்ற களைகளையும் அகற்றி, உள்நாட்டுப் புல்லையும் சோலை மரங்களையும் மீட்கும் பணி நடைபெறுகின்றது. நீதிமன்றமும் இதனை வலியுறுத்தி வந்துள்ளது. 2022-இல் தமிழக அரசு இதற்கெனக் கொள்கை ஒன்றையும் வகுத்தது. மரம் நடுவதை விட, வேரோடு களைந்து புல்லை வளர்ப்பது கடினமான வேலை. ஓராண்டில் முடிவதுமன்று.

மக்கள் தாமே காத்த சோலைக்குக் கோத்தகிரியின் லாங்வுட் சோலை சிறந்த சான்றாகும். நகரை ஒட்டி 116 ஹெக்டேர் பரப்பில் உள்ள அச்சோலை சுற்றியுள்ள பல ஊர்களுக்கு நீர் தருவது. வனத் துறையோடு உள்ளூர் அன்பர்களும் காவற் குழுவாகச் சேர்ந்து, விறகு வெட்டையும் குப்பையையும் தடுத்து, அயற் செடிகளைக் களைந்து பல ஆண்டுகள் அதனைப் பேணினர். 2024 ஜனவரியில் அது ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது.

அதே கோத்தகிரி வட்டாரத்தில் 2013-இல் தொடங்கப்பெற்ற ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனியையும் கூட்டுறவாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். குறும்பர், இருளர் முதலிய பழங்குடி மக்கள் அதன் பங்குதாரர்கள். தேனும் சிறுதானியமும் வனப் பொருள்களும் அவர்களாலேயே திரட்டப்பட்டு, பக்குவம் செய்யப்பட்டு, விற்கப்படுகின்றன. அடுத்த பருவத்துக்கும் காடு வேண்டும் என்று எண்ணுபவனே காட்டின் பங்குதாரன். ஆகவே கூடு முழுவதையும் வழித்தெடுக்கும் இடைத்தரகன் முறைக்கு அங்கு இடமில்லை. 2023-இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தார் வழங்கும் ஈக்குவேட்டர் பரிசு அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

விளைநிலத்தில் செய்ய வேண்டுவது

மலையில் விவசாயம் செய்வோரின் நிலை இரங்கத்தக்கது. செங்குத்தான சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைகோசும் விளைகின்றன. மேலிருந்து கீழாகப் பாத்தி அமைத்தால் நீர் விரைந்து வடியும், கிழங்கு அழுகாது. ஆனால் அந்நீரோடு மண்ணும் உரமும் பூச்சி மருந்தும் ஓடையில் இறங்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டு வயல் அமைத்து, விளிம்பில் புல் நட்டால் மண் நிற்கும். ஆனால் அதற்குக் கூலிச் செலவு மிகுதி. கேரட் விலை வீழ்ந்த ஆண்டில் எந்தச் சிறு விவசாயி இதனைச் செய்ய வல்லார்? 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவைக் காப்பது விளைச்சலைக் காப்பது மட்டுமன்று, வீட்டையும் உயிரையும் காப்பதாகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

கேரட் கழுவும் இயந்திரங்கள் மற்றொரு சிக்கல். மண் நீங்கிய கேரட்டுக்கே மேட்டுப்பாளையம் மண்டியில் மதிப்பு. கழுவிய நீர் சேறாக ஓடையில் கலக்கின்றது. கழுவும் நீரைத் தொட்டியில் தேக்கி மண்ணைப் படியவிட்டால், தெளிந்த நீரை மீண்டும் பயன்படுத்தலாம். படிந்த மண்ணை வயலுக்கே திருப்பலாம். தனி ஒருவரால் தொட்டி கட்ட இயலாது. பத்துப் பேர் சேர்ந்தால் இயலும். கூட்டுறவின் பொருள் இதுவன்றி வேறென்ன?

தேயிலையில் இக்கூட்டு முயற்சி முன்னரே வேரூன்றியுள்ளது. நீலகிரியின் சிறு விவசாயிகள் பறிக்கும் பசுந்தேயிலையை 15-க்கு மேற்பட்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகள் பக்குவம் செய்கின்றன. அவற்றின் தலைமைச் சங்கமாக இண்ட்கோசர்வ் 1965 முதல் இயங்கி வருகின்றது. இலையை உலர்த்துவதற்கு விறகு வேண்டும். அவ்விறகு எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு எரிகின்றது என்பதை ஒவ்வொரு தொழிற்சாலையும் இலைக் கணக்கைப் போலவே எழுதி வைத்தால், அதில் மிச்சப்படுத்தும் வழியும் தானே தோன்றும்.

வாகனங்களும் நகரின் கொள்ளளவும்

பருவ காலத்தில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நுழைவதாக 2024-இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பெற்றது. நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெறுவது கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகைக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என வாகனங்களுக்கு உச்ச வரம்பும் வைக்கப்பெற்றது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

இதனை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-இல் நீலகிரியில் கடையடைப்பு நடைபெற்றது. அறையை வாடகைக்கு விடுபவரும், சாக்லேட்டும் வருக்கியும் விற்பவரும், வாடகை வண்டி ஓட்டுபவரும் பருவ காலத்து வருமானத்தால் ஆண்டு முழுவதும் பிழைப்பவர்கள். அவர்களது அச்சம் பொய்யன்று. ஆனால் போக்குவரத்து நெருக்கடியில் நோயாளி வண்டி நிற்பதும், குடிநீர் முறை வைத்து விடப்படுவதும் அதே நகரில்தான். இருதரப்பு நியாயங்களையும் தராசில் வைத்துப் பார்த்தால், வரம்பு வேண்டும். அவ்வரம்பினால் முதலில் அடிபடும் சிறு வியாபாரிக்கு வழியும் வேண்டும். மாற்றில்லாத் தடை நிலைக்காது என்று மேலே கூறியது இங்கும் பொருந்தும்.

தீராத குறைகள்

நாம் புகழ்வதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. கோடப்பமந்து கால்வாயின் வழியாக நகரின் கழிவு நீர் இன்னும் உதகை ஏரியை மாசுபடுத்தி வருகின்றது. தடை செய்யப்பட்ட பொருளைக் கைப்பற்றும் வேகம் சாக்கடையைச் சீராக்குவதில் காணப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் குப்பை எளிதில் நாணம் தருகின்றது; குழாயில் ஓடும் கழிவு தருவதில்லை.

ஆனால் இதைச் சுட்டிக் காட்டும் தகுதி நமக்கு உண்டா? மலையிலிருந்து இறங்கும் பவானி சமவெளியில் நம்மிடம் வந்து சேர்கின்றது. ஈரோட்டை ஒட்டிய காலிங்கராயன் வாய்க்காலில் சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்து, அக்கழிவைப் பிரித்துக் கொண்டுசெல்வதற்கென்றே பக்கத்தில் ஒரு சிறு கால்வாய் அமைக்க நேர்ந்தது. மேலே இருப்பவர் பிளாஸ்டிக்கை விட்டதன் பயனைக் கீழே இருக்கும் நாம் நுகர்கின்றோம். நமக்குக் கீழே இருப்பவருக்கு நாம் என்ன அனுப்புகின்றோம்? சாயப் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இக்கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சங்கங்கள் ஆவன செய்க

இவ்வாண்டுப் பேரவைக் கூட்டங்களில் கீழ்க்கண்டவற்றை ஆலோசிக்குமாறு சங்கங்களை வேண்டுகின்றோம்:

1. துணிப்பை தயாரிக்கும் சங்கங்கள், ஒவ்வொரு தவணையிலும் சில பைகளில் ஐந்து கிலோ எடையை ஏற்றித் தொங்கவிட்டுப் பார்த்த பின்னரே சரக்கை அனுப்ப வேண்டும். அச்சோதனையை இருப்புப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் நம்மைப் போன்றோர் அக்குறிப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2. பைக்கும் வைப்புத் தொகை முறையைச் சோதித்துப் பார்க்கலாம். பையைத் திருப்பும் வாடிக்கையாளருக்குத் தொகையை மீட்டுக் கொடுத்து, துவைத்த பையை அடுத்தவருக்கு அளிக்கலாம். மலைச் சந்தையின் ஒரு வரிசைக் கடைகளில் தொடங்கினால் போதும்.

3. விவசாயிகள் சங்கங்கள் கேரட் கழுவும் இடங்களில் பொதுத் தொட்டி கட்டவும், சரிவு வயல்களில் குறுக்கு வரப்பு அமைக்கவும் கூட்டாக முன்வர வேண்டும். அதற்கான கடன் மனுக்களுக்கு முதலிடம் தரலாம்.

4. சாயப் பட்டறையுள்ள சங்கங்கள், வாங்கும் சாயத்தின் அளவையும் வெளிவிடும் நீரின் அளவையும் மாதந்தோறும் எழுதி அங்கத்தினர் பார்வைக்கு வைக்க வேண்டும்.

5. மலைச் சுற்றுலா செல்லும் அங்கத்தினர் குடும்பங்கள் ஒரு கூஜாவும் ஒரு துணிப்பையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். நாமும் அப்படியே செய்து வருகின்றோம்.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. வேண்டுவது கணக்கும் கண்காணிப்பும். இவ்விரண்டும் நமக்குப் புதியன அல்ல.

இறுதியாக, அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். ஊட்டியில் பிளாஸ்டிக் பை நின்றால் நூல் விலை குறையாது, பெரியவரே. அதனை நாம் உறுதி கூற முடியாது. ஆனால் உங்கள் நூலை நனைப்பதும், உங்கள் பேரப் பிள்ளை குடிப்பதும், உங்கள் சகோதரரின் வயலில் பாய்வதும் அம்மலையின் புல்வெளியில் விழுந்த மழையே. அம்மலையில் இருப்போர் தங்கள் பங்கை, குறைகளோடேனும், செலுத்தத் தொடங்கியுள்ளனர். நமது பங்கு இன்னும் நிலுவையில் உள்ளது. நிலுவையைத் தீர்ப்பதில் கூட்டுறவாளர் பின்தங்கினர் என்னும் சொல் நமக்கு வாராதிருப்பதாக.